மரக்கறி விலையில் உங்கள் பேரையும் போடுங்கள்

(கலஹா பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. அன்று வரமுடியாமற் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

அண்ணன்மார் உள்ளே வந்து உட்காரலாம். தாய்மார் கூட்டம் என்று பேர் வைத்திருந்தாலும் இன்றைக்குப் பேசப்போவது காசு விசயம். அது இரண்டு பேருக்கும் சொந்தம்.

போன மாதம் லயம் லயமாகப் போனபோது தோட்டத்துண்டுகளைப் பார்த்தேன். போஞ்சி, கரட், ராபு, நோக்கோல், வேலியெல்லாம் சவ்சவ். நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள். 2021இல் இரசாயன உரம் நின்றுபோனபோதும், 2022இல் சாமான் விலை ஏறி அடுப்பு எரிக்கவே வழியில்லாமல் தவித்தபோதும் பல வீடுகளைத் தாங்கியது இந்தத் துண்டுதான். ஆனால் "இதை என்ன விலைக்குக் கொடுக்குறீங்க?" என்று நான் கேட்டால், முக்கால்வாசிப் பேர் சொல்கிற பதில் ஒன்றுதான். "கடை முதலாளி போடுற விலைங்க சேர்."

ஒரு அக்காவின் கடன் கொப்பியைப் பார்த்தேன். யார் என்று சொல்லமாட்டேன். அவர் கொடுத்த போஞ்சி ஒரு பக்கம், வாங்கிய மாவும் சீனியும் மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் விலை எழுதியது ஒரே கை. மாவுக்கும் முதலாளியே விலை, போஞ்சிக்கும் முதலாளியே விலை. அந்த அக்கா கொப்பியைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் கடன் நிக்குதுங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்காரரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் கடன் தருகிறவரும் அவர்தான். நம் பக்கத்து விலை நமக்கே தெரியாவிட்டால் யார் வந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

மலையில் கொழுந்து நிறை குறைந்து அரைப் பேர் போட்டால் என்ன செய்கிறீர்கள்? கணக்கப்பிள்ளையிடம் சண்டைக்குப் போகிறீர்கள். தலைவரிடம் போகிறீர்கள். சாக்கு நிறை, தண்ணி நிறை என்று கூடக் கழித்தால் தராசுப் பக்கத்திலேயே நின்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஆள் பின்னேரம் நாலு மணிக்கு மேல் தோட்டத்துண்டில் மண்வெட்டி பிடித்தால், அந்த நேரத்துக்கு யாரும் பேர் போடுவதில்லை. அவரும் போட்டுக்கொள்வதில்லை. "நம்ம கைவேலைதானே, சும்மா தானே வளந்துச்சு" என்கிறோம். வாங்க வருகிறவரும் அதையே சொல்லி விலை குறைக்கிறார். சும்மா எதுவும் வளர்வதில்லை.

கொப்பி கொண்டுவந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். கணக்குக் காட்டுவதற்காக நானாகச் சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். வீட்டில் உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சின்னப் போஞ்சிப் பாத்தி. விதை 600 ரூபாய். மாட்டெரு, அதை ஏற்றிவந்த கூலி 800. கொத்தி, நட்டு, கம்பு ஊன்றி, களை பிடுங்கி, காய் ஆய்ந்து முடிக்க மொத்தம் 20 மணித்தியாலம். அந்த 20 மணித்தியாலத்துக்கு என்ன போடுவது? 2024 செப்டெம்பரில் வந்த வர்த்தமானிப்படி அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. அதை 8ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 170 ரூபாய் அளவில் வருகிறது. சம்பளம் மாறினால் இதையும் மாற்றிக்கொள்ளுங்கள். 20 மணித்தியாலத்துக்கு 3400 ரூபாய். ஆக, பாத்தியில் போட்டது 4800 ரூபாய்.

காய்த்தது 25 கிலோ. வீட்டுக்கு எடுத்தது, பூச்சி குத்தியது, முற்றிப்போனது எல்லாம் நாலு கிலோ. விற்க மிஞ்சுவது 21 கிலோ. 4800ஐ 21ஆல் பிரித்தால் கிலோ கிட்டத்தட்ட 230 ரூபாய். லயத்து வாசலில் வைத்து லொறிக்காரருக்கோ கடைக்காரருக்கோ கொடுப்பதென்றால் இதற்குக் கீழே போகக்கூடாது. இதை வாசல் விலை என்று பேர் வைப்போம். 200க்குக் கொடுத்தால், விதைக் காசும் எருக் காசும் போக 20 மணித்தியாலத்துக்கு 2800 ரூபாய்தான் மிஞ்சும். மணித்தியாலத்துக்கு 140. மலையில் எடுக்கிற சம்பளத்தை விடக் குறைவு. கையில் 4200 ரூபாய் நோட்டாக வந்ததால் லாபம் மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான்.

"அப்ப சந்தைக்கே கொண்டுபோறோம் சேர்" என்று போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி சொன்னார். நல்லது. ஆனால் சந்தைக்கும் கணக்கு இருக்கிறது. அந்த 21 கிலோவை மூன்று தடவையாகக் கொண்டுபோக பஸ் காசு 600. பிரதேச சபைக்காரர் கிழித்துத் தருகிற சீட்டு மூன்று நாளைக்கு 300. பை 150. ஒவ்வொரு தடவையும் போய், உட்கார்ந்து, திரும்பிவர ஐந்து மணித்தியாலம். மூன்று தடவைக்கு 15 மணித்தியாலம், 2550 ரூபாய். மொத்தம் 3600. பாத்திச் செலவோடு கூட்டினால் 8400. 21ஆல் பிரித்தால் கிலோ 400 ரூபாய்.

பார்த்தீர்களா? வாசலில் 230, சந்தையில் 400. சந்தையில் 350க்கு விற்றுவிட்டு, வாசலில் 250 கேட்ட லொறிக்காரரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வருகிறவர் உண்மையில் நட்டத்தில் வருகிறார். சந்தைக்குப் போ, சந்தைக்குப் போ என்று எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். ஏழு கிலோ போஞ்சியோடு அரைநாளைச் செலவழித்துப் போவதை நான் எல்லோருக்கும் சொல்லமாட்டேன்.

அதற்கு வழி, ஒருவர் மூன்று வீட்டுச் சாமானைக் கொண்டுபோவது. பஸ்ஸில் மூட்டைக்குக் கூடுதலாக 600 கொடுத்தாலும், சீட்டு அதே 300, பை 450, போகிறவருக்கு அதே 2550. எல்லாம் சேர்த்து 4500. மூன்று வீட்டுக்கும் 63 கிலோ. கிலோவுக்குப் போக்குச் செலவு 71 ரூபாய்தான். வாசல் விலையோடு கூட்டினால் 300. தனியாகப் போனால் 400க்கு விற்றால்தான் கட்டும், மூன்று பேர் சேர்ந்தால் 300க்கு விற்றாலும் கட்டும். மேலே வருவது லாபம். போகிறவருக்கு அவருடைய மணித்தியாலக் காசை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். "அவ நம்ம சொந்தக்காரிதானே" என்று விட்டால் மூன்றாவது கிழமையே சண்டை வரும். மூன்று வீட்டுச் சாமானையும் லயத்திலேயே நிறுத்து எழுதிவிடுங்கள். வந்த பிறகு யாருடைய போஞ்சி விற்றது, யாருடையது மிஞ்சியது என்று பார்க்காமல், நிறைப்படி பங்கு பிரியுங்கள்.

இவ்வளவும் நம் வீட்டுக் கணக்கு. இது இதற்குக் கீழே போகாதே என்று மட்டும்தான் சொல்லும். மேலே எவ்வளவு கேட்கலாம் என்பதை அன்றைய சந்தைதான் சொல்லும்.

தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14ஆம் திகதி மதுரை அண்ணா நகரில் உழவர் சந்தை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. விவசாயி தானே கொண்டுவந்து தானே விற்கிற சந்தை. அடையாள அட்டை உள்ள விவசாயிக்குத்தான் இடம். தராசையும் அங்கேயே கொடுத்தார்கள். விடிகாலையில் மொத்தச் சந்தை விலையைப் பார்த்து, அதற்கு மேல் 20 வீதம் அளவில் கூட்டி, கடை விலைக்குக் கீழே நிற்கிற மாதிரி ஒரு விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். விற்கிறவருக்கு மொத்த விலையை விடக் கூட, வாங்குகிறவருக்குக் கடை விலையை விடக் குறைவு. இரண்டு பேருக்கும் நடுவில் போகிற காசை இரண்டு பேரும் பிரித்துக்கொள்கிறார்கள்.

நம் கிழமைச் சந்தைகளில் அப்படி ஒரு பலகை கிடையாது. ஆனால் அந்தக் கணக்கை நாமே போடலாம். மொத்த விலையை அறிய வழி இருக்கிறது. தம்புள்ளையில் 1999இல் பொருளாதார மத்திய நிலையம் திறந்தார்கள். நம் கண்டி மாவட்டத்திலேயே மாரஸ்ஸனயில் ஒன்று இருக்கிறது. முக்கியமான சந்தைகளின் விலையை ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் வெளியிடுகிறது. பிள்ளைகள் கையிலே தொலைபேசி இருக்கிறதே, பாட்டுக் கேட்கிற நேரத்தில் அஞ்சு நிமிசம் அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மொத்த விலை கிலோ 300, கடை விலை 420 என்றால் நீங்கள் 360 சொல்லலாம். கூட்டாகப் போனால் உங்கள் கீழ் விலை 300. அப்படியானால் 60 ரூபாய் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குள் பேரம் பேசலாம்.

பேரம் என்றதும் ஒன்று. கண்டிப் பக்கத்துச் சந்தைகளில் வாங்க வருகிறவர்களில் அதிகம் பேர் சிங்களம் பேசுகிறவர்கள். "கீயத?" என்று கேட்டால் விலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். பதில் சொல்லத் தடுமாறினால் அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வருகிறோம். பணஹ, சீய, தெசீய, துன்சீய, ஹாரசீய. இவ்வளவு போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒரே இரவில் சொல்லித்தந்துவிடும். அதை விட நல்லது, ஒரு மட்டையில் கிலோ விலையைப் பெரிய இலக்கத்தில் எழுதி முன்னால் வைப்பது. இலக்கத்துக்குப் பாஷை இல்லை.

தராசைப் பற்றியும் சொல்லவேண்டும். வியாபாரத்துக்குப் பாவிக்கிற தராசுக்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டப்படி முத்திரை வேண்டும். வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் கிடக்கிற சுருள்வில் தராசைக் கொண்டுபோய் உட்கார்ந்தால், அது சரியாக நிறுத்தாலும் நம் பக்கம் நியாயம் இருக்காது. தனித்தனியாக வாங்கச் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் நீங்கள் அங்கத்தவர்கள். பத்து வீடு சேர்ந்து ஒரு தராசுக்குக் கடன் கேட்டால் நான் கூட இருந்து விண்ணப்பம் எழுதித் தருகிறேன். கீரை வகைக்குத் தராசு தேவையில்லை. வல்லாரை, பொன்னாங்கண்ணி எல்லாம் கட்டுக் கணக்குத்தான். ஆனால் முதல் கட்டும் கடைசிக் கட்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும். உள்ளே மஞ்சள் இலையை வைத்து வெளியே பச்சையைச் சுற்றினால் ஒரு தடவைதான் விற்கலாம்.

மத்தியானம் தாண்டி மிஞ்சினதை என்ன செய்வது? இங்கேதான் நம் ஆட்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். 300க்குக் கீழே கொடுக்காதே என்று உத்தியோகத்தர் சொன்னார் என்று மூட்டையைத் திருப்பித் தூக்கி வராதீங்க. போன பஸ் காசும் போன நேரமும் போனதுதான், திரும்பி வராது. கீழ் விலை என்பது காலையில் கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க. பின்னேரம் மூன்று மணிக்கு மிஞ்சின நாலு கிலோ போஞ்சிக்குக் கேள்வி வேறு: வீட்டுக்குக் கொண்டுபோனால் அதற்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது என்றால் 200க்குக் கொடுத்துவிட்டு வாங்க. ராபு, கரட் என்றால் ஒரு நாள் தாங்கும், கொண்டுவரலாம். கீரை தாங்காது.

எப்போது கொண்டுபோவது என்பதும் விலைதான். பெரும்போக அறுவடை இறங்குகிற பெப்ரவரி, மார்ச்சிலும், சிறுபோகம் இறங்குகிற ஓகஸ்ட், செப்டெம்பரிலும் மரக்கறி குவிகிறது, விலை இறங்குகிறது. அந்த நேரத்துக்குக் காய்க்கிற மாதிரியே எல்லா லயத்திலும் ஒரே நாளில் போஞ்சி போட்டால் நமக்கு நாமே போட்டி. கொஞ்சம் முன்பின்னாகப் போடுங்கள். பூ வளர்க்கிறவர்களுக்கு வேறு கணக்கு. தலதா மாளிகைக்குப் பூத்தட்டு கொண்டுபோகிற ஊர் இது. போயா நாளுக்கு முதல் நாள் பூவுக்கு இருக்கிற மதிப்பு மறுநாள் இருக்காது.

இனி கன்றுகள். இதைச் சில இளைஞர்கள் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் கன்று அழுகாது. விற்காவிட்டால் திருப்பிக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றலாம், அடுத்த கிழமை கொஞ்சம் பெரிதாகக்கூட இருக்கும். பேராதனைப் பூங்கா பார்க்க வருகிற சனம் ஊருக்குத் திரும்பும்போது ஒரு செடி வாங்க ஆசைப்படும். ஆனால் விலை போடுகிறபோது ஒரு விசயத்தை மறந்துவிடுகிறார்கள். 50 மிளகுத் துண்டு வைத்தீர்கள், பை, மண், எரு, உங்கள் நேரம் எல்லாம் சேர்த்து 3000 ரூபாய் என்று வைப்போம். ஒரு கன்று 60 ரூபாய் என்று கணக்குப் போடுகிறீர்கள். வேர் பிடித்தது 30தான். அப்படியானால் கன்றின் அடக்க விலை 100. செத்த 20க்கும் உயிரோடிருக்கிற 30தான் காசு கட்டவேண்டும்.

மிளகில் இன்னொன்று. நிலத்தில் ஓடுகிற கொடியிலிருந்தோ மேலே ஏறுகிற கொடியிலிருந்தோ எடுத்த துண்டுதான் மரத்தில் ஏறும். காய்க்கிற பக்கக் கிளையிலிருந்து எடுத்தால் அது ஏறாது, புதராகத்தான் வளரும். புதர் மிளகைத் தொட்டியில் வைத்து அடுக்களைப் பக்கம் வளர்க்க டவுன் ஆட்கள் விரும்புவார்கள், நல்ல விலையும் சொல்லலாம். ஆனால் கிளிரிசீடியா மரத்தில் ஏற்றப்போகிறவருக்கு அதைக் கொடுத்துவிட்டால், அவர் மூன்று வருசம் காத்திருந்துவிட்டு அதே சந்தையில் உங்களைத் தேடி வருவார். எது எது என்று பையில் எழுதி விடுங்கள். சந்தேகம் இருந்தால் பேராதனையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இருக்கிறது. மரக்கறிக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

தம்பிமாருக்குக் கண்டிப்பாக இரண்டு சொல்லவேண்டும். தோட்டத்து நேர்சரியிலிருந்து பையோ மண்ணோ துண்டோ எடுத்து வராதீங்க, வேலைக்கே ஆபத்து. காட்டுக்குள் போய் ஓர்க்கிட் பிடுங்கி விற்பதும் வேண்டாம். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டினால் ஒரு வருசத்து வியாபாரம் கோர்ட்டில் போய்விடும். புதிதாக நிலம் கொத்துவதற்கு முன்னும் ஒரு வார்த்தை துரையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு பேர்ச்சஸில் வீடு கிடைத்தவர்களுக்குப் பரவாயில்லை. லயத்தில் இருக்கிறவர்களுக்கு அந்தத் துண்டு தோட்டத்துக்குச் சொந்தம். நட்ட பிறகு சண்டை வருவதை விட நடுவதற்கு முன் கேட்பது லேசு.

சமைத்து விற்கிற யோசனை இருக்கிறவர்கள் ஒருநாள் கன்னொறுவைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகத்தில் பெண்களே சமைத்துப் பெண்களே விற்கிறார்கள். மூட்டையாகக் கொடுத்தால் யாரும் மதிக்காத மரவள்ளிக் கிழங்கு, அவித்துச் சம்பலோடு கொடுத்தால் என்ன விலை போகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

கடைசியாக இரண்டு விசயம். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒன்று, எல்லாவற்றையும் விற்காதீங்க. மருத்துவமாது கிளினிக்கில் சொல்கிறார், நம் தாய்மாரில் எத்தனை பேருக்கு இரத்தம் குறைவு என்று. கீரையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, பிறகு இரும்புச்சத்துக் குளிசைக்கு வரிசையில் நிற்கிறோம். நான் கணக்கில் காட்டிய அந்த நாலு கிலோவில் வீட்டுப் பங்கும் இருக்கிறது. அதில் கைவைக்காதீங்க. முட்டையையும் அப்படித்தான், முதலில் பிள்ளைக்கு.

இரண்டாவது, சந்தைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பார். நான் யாரையும் குறிப்பிடவில்லை, அண்ணன்மார் சிரிக்கத் தேவையில்லை. 63 கிலோ விற்ற காசு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தால்தான் அது காசு. சந்தைக்குப் போகிறவர் பெண்ணாக இருந்தால் நல்லது. ஆணாக இருந்தால் மூன்று வீட்டுக் காசு கையில் இருக்கிறது என்ற பயமாவது அவருக்கு இருக்கும். கூட்டாகப் போவதில் அதுவும் ஒரு லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக் காசுக்குத் தாய்மார் பேரில் தேசிய சேமிப்பு வங்கியில் தனியாக ஒரு புத்தகம் திறக்கலாம், தபாற் கந்தோரிலேயே செய்யலாம். சம்பளக் காசோடு கலக்காதீங்க. கலந்தால் போஞ்சி எவ்வளவு தந்தது என்று வருசக் கடைசியில் தெரியாது.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு இதே மடுவத்தில் மறுபடி கூடுவோம். வருகிறவர்கள் ஆளுக்கொரு கொப்பியில் இந்த மாதம் தோட்டத்துண்டில் எத்தனை மணித்தியாலம் நின்றீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தாலும் போதும். யார் யாரோடு சேர்ந்து சந்தைக்குப் போவது என்றும் அன்றைக்கே பேர் எழுதிவிடலாம். இப்போது தேத்தண்ணி வருகிறது, கேள்வி இருந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.